கவுண்ட் ஏறியதற்கு ஒரு விருந்து

பப்பாளி இலையை இடிக்கும்போது எழுகிற வாசனை பச்சையும் கசப்புமானது. நாக்கு அறியும் முன்பே தொண்டை அறிந்து இறுகிக்கொள்ளும். ஈப்போவில் எனக்கு டெங்கு வந்து படுத்திருந்த நாட்களில் மலர் இந்தச் சாற்றைத்தான் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். இப்போது செஞ்சியில், திருவண்ணாமலை சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், தோளிலிருந்து பையை இறக்குவதற்குள் அதே வாசனை வாசல்வரை வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனது.

மலர் என் மனைவி, செஞ்சிக்காரி. அவளுடைய தங்கை அமுதா அனந்தபுரம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. போன வருடம் அமுதாவுக்கு மார்பில் புற்றுநோய் கண்டு, அறுத்து எடுத்தார்கள். இப்போது உடம்பு தேறிவிட்டது என்று குலசாமிக்கு விருந்து வைக்கிறாள். முட்டி அறுவை சிகிச்சை முடிந்து நடைவண்டியோடு நடமாடும் மலரால் விமானம் ஏற முடியவில்லை. "எனக்கும் சேத்து சாப்பிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். நான் மலேசியாவில் பிறந்தவன். இந்த ஊருக்குத் திருமணத்துக்கும் அதன்பின் இரண்டு முறையும் வந்திருக்கிறேன்.

நடுக்கூடத்தில் குந்தி உட்கார்ந்து இடித்துக்கொண்டிருந்தார் ஏழுமலை, அமுதாவின் கணவர். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து லோடு அடிப்பவர்.

"இன்னா சகல, பஸ்ஸு லேட்டா? உக்காருங்க. இத புழிஞ்சி குடுத்துட்டு வந்துடறேன். மணி அஞ்சி தாண்டிச்சின்னா டீச்சர் கத்தும்."

மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் உள்ளேயிருந்து வந்தாள். மருந்தில் கொட்டிய முடி இரண்டு அங்குலத்துக்குச் சுருள்சுருளாக முளைத்திருந்தது. அது அவளுக்கு இன்னொரு முகத்தைக் கொடுத்திருந்தது.

"மாமா! எளச்சிட்டியே. அக்கா சோறு போடலியா?"

"அவளுக்கு முட்டி. நான்தான் சமைக்கிறேன்லா."

"அப்ப எளைக்கத்தான் செய்யும். இன்னொரு தடவ 'லா' போடு, கேக்கலாம்."

சிரித்தாள். சிரிப்பின் வாலில் ஒரு சின்ன இருமல் தொற்றிக்கொண்டு வந்தது. டம்ளரைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்து, வெல்லத்துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கூடத்துச் சுவரைக் காட்டினாள்.

தொலைக்காட்சிக்கு மேலே, பள்ளியில் ஒட்டுகிற பெரிய வரைபடத்தாள். அடியில் தேதிகள், பக்கவாட்டில் எண்கள், பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. அமுதாவின் ரத்தத்து வெள்ளையணுக்களின் எண்ணிக்கை. டெங்கு வந்துபோன எல்லா ஊரிலும் போல இங்கேயும் அதற்குக் கவுண்ட் என்றுதான் பெயர். கோடு ஆயிரத்து இருநூறில் தரையோடு தொடங்கியது. அங்கிருந்து நாலாயிரம், ஒன்பதாயிரம், பதினாலாயிரம் என்று படியேறி, போன வாரத்துப் புள்ளியில் நின்றது. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு சூரியன் வரைந்திருந்தாள். பத்தொன்பதாயிரம்.

"பாத்தியா! ஒருத்தர் விடாம கேக்கறாங்க, டீச்சர் எப்படி ஏத்துனீங்கன்னு."

நான் அந்தச் சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஈப்போ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக என் வேலை, வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுவது. நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்த எண்ணைப் பார்த்தால் டாக்டர்கள் பேச்சை நிறுத்துவார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன்.

"ஜுரம் ஏதாச்சும் இருந்துச்சா அமுதா? புண்ணு, சளி?"

"ஒண்ணும் இல்ல. லேபுலயும் அதையேதான் கேட்டாங்க. பதினோராயிரத்துக்கு மேல போனா அதிகம்னு பேப்பர்லயே போட்டிருக்குது. எனக்கும் தெரியும் மாமா, நான் டீச்சர். ஆனா எதிரி பெருசுன்னா படையும் பெருசா வேணும் இல்ல?"

அவள் கதையை ஏழுமலைதான் சொன்னார், ராத்திரிச் சோற்றுக்கு முன்னால், தாழ்ந்த குரலில். ஆறு தடவை மருந்து ஏற்றச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு கவுண்ட் சரிந்து, ஜுரம் வந்து, ஐந்து நாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் அதே கவுண்ட் சரிந்துதான் செத்தாள், அமுதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வீட்டுக்கு வந்த அமுதா, "இந்த மருந்து நோயக் கொல்றதுக்கு முன்னாடி என் படையக் கொன்னுடும்" என்று சொல்லி, போவதை நிறுத்திவிட்டாள். ஐந்து மாதம் ஆகிறது. பப்பாளிச் சாறு, ஆட்டுக்கால் சூப்பு, மாதுளை. கவுண்டும் ஏறியது.

"நீங்களும் நல்லாருக்குதுன்னு சொன்னீங்களாமே சகல. அதுலதான் டீச்சருக்கு தைரியம்."

ஆம், சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் எடுத்த ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைத் தாளையும் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். நாலாயிரம் வந்தபோது திறந்து பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். கவுண்ட் ஏறுவது நல்லது என்று எழுதினேன். அடுத்தடுத்து வந்தவற்றைத் திறக்கவில்லை. தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பிவைத்தேன். கடைசித் தாள் வந்தபோது நான் கடை ஒன்றில் மீ கோரேங் நூடுல்ஸுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் விருந்து. பனமலை ஏரிக்கரையில், கருங்கல் நட்ட ஒரு மேடைதான் அவர்கள் குலசாமி. எல்லாரும் குட்டியானையின் பின்தட்டில் ஏறிப் போனோம், அண்டாக்களும் ஆடும் வாழையிலைக் கட்டும் நாங்களுமாக. பள்ளத்தில் வண்டி குதித்தபோது ஆடு என் மடியில் வந்து உட்கார்ந்தது. அதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஈப்போவைச் சுற்றியும் மலைகள்தான். அவை சுண்ணாம்புக்கல் மலைகள்; காட்டைப் போர்த்திக்கொண்டு மழையில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். செஞ்சியின் மலைகளுக்குப் போர்வை கிடையாது. யாரோ ஆயிரம் லாரிப் பாறைகளைக் கொட்டிவிட்டு, அப்புறம் வந்து அடுக்கிக்கொள்ளலாம் என்று போனவர் திரும்பி வராதது போல வழியெல்லாம் உருண்டும் தொங்கியும் கிடந்தன.

கறிக்குழம்பில் மிளகு தூக்கலாக இருந்தது. எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் அந்தக் காரத்தைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கும். இங்கே காரம் விழித்தபடியே வயிற்றுக்குள் இறங்கியது. பந்தியில் எனக்கு எதிர் இலையில் இருந்த பெரியவர் ஒருவர் தன் கவுண்ட்டைச் சொன்னார். அவருக்குப் பக்கத்து அம்மாள் டெங்குவில் தன் கவுண்ட் எவ்வளவு இறங்கியது என்று சொன்னாள்.

"அது வேற கவுண்ட்டு யக்கா, தட்டணு. டீச்சருது வெள்ளையணு."

"எதுவா இருந்தா இன்னாடா, ஏறினா சரி. அமுதா, எனக்கும் அந்த எல வெட்டிக் குடு. முட்டி வலிக்குது."

"முட்டிக்கும் கவுண்ட்டுக்கும் இன்னா சம்பந்தம் பெரியம்மா?"

"உனக்கு இன்னா, நீ படிச்சவ. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அமுதா குனிந்து குனிந்து எல்லாருக்கும் பரிமாறினாள். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் புளியமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஏரியைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். மூச்சு வாங்குகிறாள் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அல்லது எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் ஏரியைப் பார்த்தார்களோ.

கரையில் சற்றுத் தள்ளிப்போய் மலரை அழைத்தேன். எண்ணைச் சொன்னேன். தொலைபேசியில் ஈப்போவின் மழைச் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டாளா?" என்றாள் கடைசியில்.

"பரிமாறிட்டு இருக்கா."

"சாப்பிட்டு முடிக்கட்டும். இன்னிக்குச் சொல்லாதீங்க. ஆனா சொல்லிடணும். நீங்க சொல்லலைன்னா நானே போன்ல சொல்லிடுவேன். அவ முகத்தைப் பாக்காம சொல்ல வைக்காதீங்க என்னை."

மூன்றாம் நாள் காலையில் அமுதாவே கேட்டாள், "கோட்டைக்கு வர்றியா மாமா? வெயில் ஏறுறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்." ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பை ராஜகிரிக்கு அழைத்துப் போய், நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கோட்டையிலேயே வைத்து நடத்துவாளாம். இந்த வருடம் மருத்துவ விடுப்பில் இருப்பதால் நடத்தவில்லை. நடத்தாத பாடம் அவளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது போல.

பஸ் நிலையத்து ஓரத்தில் அவித்த வேர்க்கடலையைக் கூம்புப் பொட்டலத்தில் விற்றார்கள். நான் கச்சாங் என்றேன். கடைக்காரப் பெண் விழித்தாள். அமுதா, "மல்லாட்ட கேக்கறாரும்மா, மலேசியா மாப்ள" என்று மொழிபெயர்த்தாள். உப்புநீர் சொட்டச்சொட்ட அதை உரித்துத் தின்றுகொண்டே கோட்டை வாசலுக்குள் நுழைந்தோம்.

"இங்கதான் நிறுத்துவேன்" என்றாள் முதல் மதிலருகே. "இது தோலு. அகழிதான் எச்சி, மூக்குச்சளி, கண்ணீரு. தாண்டி வந்துட்டான்னா உள்ள படை. பத்து பசங்கள வெள்ளையணுவா நிக்க வெப்பேன். ஒருத்தன கிருமியா உள்ள விடுவேன். பாவம் மாமா, கிருமியா வர்றதுக்குத்தான் போட்டி. அடிவாங்கறதுக்கு அவ்ளோ ஆச."

தானியக் களஞ்சியத்தைக் கடந்து படிகளில் ஏறினோம். பங்குனி வெயில் எட்டரை மணிக்கே பாறையில் கையை வைக்கவிடவில்லை. குரங்கு ஒன்று பின்னாலேயே வந்து, அவள் பையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை உருவிக்கொண்டு மதில்மேல் ஏறியது. காலைக்கான பப்பாளிச் சாறு. மூடியைக் கடித்துத் திறந்து, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, கீழே இருந்த எங்களை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பாட்டிலைப் பள்ளத்தில் எறிந்தது.

அமுதா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே இன்னும் நூற்றுக்கணக்கான படிகள் இருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

"நேத்து நீ சரியாவே சாப்டல மாமா" என்றாள் மூச்சு திரும்பியதும். "வந்ததுலேர்ந்து அந்தச் சுவத்தப் பாக்கற, என்னப் பாக்கற. இன்னா விஷயம்?"

"அந்தப் பத்தொன்பதாயிரம் நல்ல நம்பர் இல்ல அமுதா."

"அதிகமா இருக்குதுன்னு எனக்கே தெரியுமே."

"ஜுரம் இல்ல, புண்ணு இல்ல, கிருமியே இல்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு படை?"

"நோயோட சண்ட போட."

"நோயே அதுகளைக் கூப்பிட்டிருந்தா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை, தப்பான விடையைத் துணிந்து சொன்ன மாணவனைப் பார்க்கிற பார்வை. நான் என் கண்ணாடிச் சீவல்களைப் பற்றிச் சொன்னேன். கட்டியை வெட்டிச் சாயம் ஏற்றினால் அதற்குள் கட்டியின் அணுக்கள் மட்டும் இருப்பதில்லை. செத்ததைத் தின்று சுத்தம் செய்கிற பெரிய விழுங்கணுக்கள் பழுப்பு நிறத்தில் மொய்த்துக் கிடக்கும். சில கட்டிகளில் பாதிக் கூட்டம் அவைதான். ஆய்வுக்கூடத்துக்குப் போன புதிதில் நானும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், முற்றுகை போட்டுவிட்டார்கள் என்று. டாக்டர்தான் சொன்னார், இவை அதிகமாக மொய்க்கிற கட்டிகளில் பல வேகமாக வளர்கிற கட்டிகள் என்று.

"துரோகம்ங்கறியா? படையே எதிரியோட சேந்துக்குதா?"

"அப்படித் தெரியலை எனக்கு. அதுகளுக்கு ரெண்டு வேலை. சண்டை போடறது ஒண்ணு. அடிபட்ட இடத்தை ஆத்தறது இன்னொண்ணு. உனக்குக் கை வெட்டிக்கிட்டா யார் வந்து புது ரத்தக்குழாய் போட்டு, சதையை வளத்து, தோலை மூடறாங்க? அதே படைதான். கட்டி தன்னைப் புண்ணுன்னு காட்டிக்குது. அதுகளும் நம்பி வந்து குழாய் போட்டு ரத்தம் கொண்டு வருது, வளர இடம் பண்ணிக் குடுக்குது. சண்டைக்கு வர்ற மத்த அணுக்களை, போதும் கலைஞ்சு போங்கன்னு அனுப்பிடுது. இன்னும் ஆள் வேணும்னு கட்டி எலும்புக்குள்ள சேதி அனுப்பினா, எலும்பு மேல மேல செஞ்சு அனுப்புது. உன் கவுண்ட் அப்படி ஏறியிருக்கலாம். நான் டாக்டர் இல்ல. வேற காரணமும் இருக்கலாம். ஆனா பாக்கணும், உடனே."

பாறையிடுக்கில் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அமுதா அதையே பார்த்தாள்.

"வைத்தியம் பாக்குதா மாமா?" என்றாள் மெதுவாக. "அந்தக் கட்டிக்கா?"

நான் தலையாட்டினேன்.

"இருவத்திரெண்டு வருசம். எத்தினி பசங்களுக்கு நடத்தியிருப்பேன்." சற்றுப் பொறுத்து, "இருமல் ரெண்டு மாசமா இருக்குது. அவருகிட்ட தூசின்னு சொல்லிவெச்சிருக்கேன்" என்றாள். பிறகு திடீரென்று முகத்தைத் திருப்பினாள். "நான் தாள் அனுப்பினப்பல்லாம் நீ கட்டவெரல தூக்கிக் காட்டினியே?"

இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று நாளாக நான் பயந்துகொண்டிருந்தேன்.

"மொதத் தாளைத்தான் பாத்தேன். மத்ததைத் திறக்கவே இல்லை."

"தெறக்காமயே போட்டியா?"

"ஆமா."

வேலையில் இருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "எறங்கலாம்" என்றாள். கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளாமல், மதிலில் உள்ளங்கையை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு படியாக எனக்கு முன்னால் இறங்கினாள். சூடான அந்தக் கல்லில் அவள் கை எப்படிப் பட்டுக்கொண்டே போனது என்பது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஏழுமலை வழக்கம்போல இடித்தார். அமுதா வழக்கம்போல வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து ஏழுமலை வெளியே வந்து, வண்டியின் நான்கு சக்கரங்களையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "காலைல பாண்டிச்சேரிக்கு நெறைய பஸ்ஸு இருக்குது. வண்டி குதிக்கும், டீச்சர் தாங்காது. பஸ்ஸுல போய்டலாம்" என்றார்.

அவர் மறந்துபோனது, மறுநாள் அமாவாசை. அமாவாசையன்று இந்தப் பக்கத்துப் பஸ்களெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குத்தான் ஓடும். பஸ் நிலையம் முழுக்க மஞ்சள் புடவைகளும் வேப்பிலையும் எலுமிச்சை மாலைகளும். எந்தப் பஸ்ஸின் முன்னால் போய் நின்றாலும் நடத்துநர், "மலையனூர், மலையனூர், மலையனூர் மட்டும்" என்று கத்தினார். ஏழுமலை ஒருவரிடம் கெஞ்சினார்.

"பேஷண்ட்டு சார். பாண்டி போவணும்."

"எல்லாரும் பேஷண்ட்டுதான்யா. அதுக்குத்தான் அம்மாகிட்ட போறாங்க. ஏறினா ஏறு, இல்லன்னா வழிய வுடு."

கடைசியில் குட்டியானையிலேயே போனோம். இருவருக்கான இடத்தில் மூன்று பேர். நடுவில் அமுதா, கியர் கம்பி அவள் முட்டியில் இடித்தது. திண்டிவனத்துக்கு முன்னால் பின்சக்கரம் வெடித்தது. ஏழுமலை ஜாக்கி வைத்துத் தூக்கினார். நான் ஸ்டெப்னியை உருட்டி வந்தேன். அமுதா வேப்பமர நிழலில், நுங்கு விற்கும் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் கேட்காமலேயே இரண்டு சுளையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

நட்டைத் திருகிக்கொண்டிருந்த ஏழுமலை, தலையைத் தூக்காமல் கேட்டார்:

"சகல, அஞ்சி மாசமா இடிச்சனே. அது கெடுதலா?"

"இல்ல. அதால ஒண்ணும் ஆகலை."

"நல்லதும் ஆவலியா?"

நான் பதில் சொல்வதற்குள் ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்தார். "ஒரு நாளும் தவறினதில்ல" என்றார். கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீதி வழி முழுவதும் அவர் கன்னத்தில் ஒரு கறுப்புக்கோடு இருந்தது. அமுதா அதைப் பார்த்தும் துடைக்கச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு தன் முந்தானையால் அவளே துடைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். திட்டுவார் என்று மூன்று பேருமே தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் திட்டவில்லை. பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினார்.

"கவுண்ட்ட ஏத்த ஊசி இருக்கு, அத போட்டுக்கிட்டே மருந்த தொடரலாம்னு அன்னிக்கே சொல்லியிருப்பாங்களே டீச்சர்?"

"சொன்னாங்க மேடம். ஊசி போட்டு ஏறினா அது என் சக்தி இல்லன்னு நெனச்சேன்."

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள். பாண்டிச்சேரியின் ஒரு விடுதியில் தங்கி, ஹோட்டலில் இட்லி சாப்பிட்டோம். சாம்பாரில் சர்க்கரை போட்டிருக்கிறான் என்று ஏழுமலை சர்வரோடு சண்டை போட்டார். யாரோடாவது சண்டை போட வேண்டியிருந்தது அவருக்கு.

ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் சொன்னதை ஒரு வரியில் எழுதிவிடலாம். தொற்று எதுவும் இல்லை; நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போயிருக்கிறது. எழுதிய பிறகும் அந்த வரி முடியமாட்டேன் என்கிறது.

"மருந்த மாத்திப் பாப்போம். வேகத்தக் கொறைக்கலாம். முழுசா எடுத்துட முடியும்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

ஏழுமலை, "எவ்ளோ நாளு மேடம்?" என்றார்.

"நாள் கணக்கு நான் சொல்றதில்ல அண்ணா. மூணு வாரத்துக்கு ஒருக்கா மருந்து. அப்புறம் திரும்பவும் ஸ்கேன். பாத்துப் பாத்துப் போவோம்."

அமுதாவுக்கு வேறு கேள்வி இருந்தது. "வெள்ளையணுவே கட்டிக்கு வைத்தியம் பாக்கறது எங்க பாடப்புத்தகத்துல ஏன் மேடம் இல்ல? போர்வீரர்கள்னு மட்டும்தான் போட்டிருக்குது."

"எங்க புத்தகத்துலயே லேட்டாத்தான் வந்துச்சு டீச்சர்."

அமுதா தலையசைத்தாள். அந்தப் பதிலில் அவளுக்கு ஏதோ கொஞ்சம் நியாயம் கிடைத்தது போலிருந்தது. அன்றைக்கே முதல் மருந்தை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள், ஆசிரியையின் முழுக் கையெழுத்து, முதலெழுத்தோடு.

மாலையில் எனக்குச் சென்னையிலிருந்து விமானம். மருந்தேற்றும் கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அமுதாவுக்கு ஜன்னலோர நாற்காலி கிடைத்திருந்தது. கொக்கியில் தொங்கிய பையிலிருந்து தெளிந்த நீர் போன்ற ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் தலையில் துப்பட்டா சுற்றிய ஒரு சின்னப் பெண். முதல் தடவை போல, ஊசி ஏறிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமுதா அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கவுண்ட்டு கொறையும். கொறஞ்சா பயப்படாத. ஊசி போடுவாங்க, போட்டுக்க. வூட்ல ஒக்காந்துடாத, இன்னா? நான் ஒக்காந்தேன்."

ஏழுமலை ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். நான் நாற்காலியருகே போய்க் குனிந்தேன்.

"மன்னிச்சுடு அமுதா" என்றேன். "திறந்து பாத்திருக்கணும்."

ஊசி குத்தாத கையால் என் சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தாள். சட்டென்று மன்னிக்கிற பெண் இல்லை அவள். மன்னித்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை.

"வந்த கோவம் இருக்குது மாமா. இருக்கட்டும். அதுக்காக சாப்டாம கெடக்காத. அக்கா மூஞ்சிலயும் அத கொண்டுபோய்க் காட்டாத."

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. ஏழுமலை வாசலில் நின்று கையைக் காட்டினார்.

"அடுத்த வருசம்" என்றேன், என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே, "மலருக்கு முட்டி சரியாயிடும். ரெண்டு பேரும் சேர்ந்து வர்றோம். பத்து நாள் இருப்போம்."

அமுதா என் பொத்தானை விட்டாள்.

"அடுத்த மாசம் வாங்க, மாமா."